128-ல நாதஸ்வரம் இல்ல

ஒரு மிடி கோப்பைப் பிரிச்சு உள்ளே பார்த்தீங்கன்னா "வீணை"ன்னோ "புல்லாங்குழல்"னோ அநேகமா எங்கேயும் எழுதியிருக்காது. ஒரு எண் இருக்கும். 73. அவ்வளவுதான். அந்த 73 எந்தப் பெட்டிக்குப் போய்ச் சேருதோ, அந்தப் பெட்டி தன்கிட்ட 73-ம் இடத்துல எது இருக்கோ அதை எடுத்து வாசிக்கும். ஒரு பெட்டியில அது புல்லாங்குழல். பக்கத்துப் பெட்டியில லாரி ஹார்ன் மாதிரி ஏதோ ஒண்ணு. அனுப்பின கணினிக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

இந்த எண்ணுக்கும் பேருக்கும் நடுவுல யாராவது ஒரு பட்டியல் எழுதி வைக்கணும். அதுக்குப் பேருதான் பேட்ச் லிஸ்ட். பாட்டு பதிவு பண்ற மென்பொருள்ல "இந்த டிராக்குல தபலா, இந்த டிராக்குல ஸ்ட்ரிங்ஸ்"னு பேரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியுதுன்னா, அதுக்கு முன்னாடி எங்கேயோ ஒருத்தர் ராத்திரி கண் முழிச்சு அந்தப் பேரை எல்லாம் டைப் அடிச்சிருக்கார்னு அர்த்தம். இன்னிக்குக் கொசுவத்தி அதைப் பத்திதான். பொட்டி தட்டுறவன் எழுதறது, தலைய சுத்தும்னு ஓடிடாதீங்க. பாதிக்கு மேல பாட்டுக் கதைதான்.

முதல்ல "பேட்ச்"ங்கிற வார்த்தை. 1960-கள்ல மூக் மாதிரியான சின்தசைசர்கள்ல ஒலி உண்டாக்கணும்னா, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி ஒரு துளையிலேர்ந்து இன்னொரு துளைக்கு ஒயர் சொருகணும். அந்த ஒயருக்குப் பேரு பேட்ச் கார்டு. எந்த ஒயர் எங்கே போகுதுங்கிற மொத்த அமைப்புதான் ஒரு பேட்ச். ஒயரைப் புடுங்கிட்டா ஒலி போச்சு. 1970-ல வந்த மினிமூக்ல ஒயர் தொல்லை இல்ல, ஆனா நினைவகமும் இல்ல. குமிழ்களோட படம் அச்சடிச்ச தாள்ல "இது மூணுல, இது ஏழுல"ன்னு பென்சிலால குறிச்சு வெச்சுப்பாங்க. அதாவது உலகத்தோட முதல் பேட்ச் லிஸ்ட் காகிதத்துலதான் இருந்தது. கடைசியில அதே காகிதத்துக்குத்தான் நாம திரும்பி வரப் போறோம், பாருங்க.

1978-ல டேவ் ஸ்மித்தோட சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் கம்பெனி பிராஃபெட்-5 கொண்டு வந்தது. 40 ஒலிகளை ஞாபகம் வெச்சுக்கும். பட்டனைத் தட்டினா போதும். அங்கேதான் ஒலிக்கு எண் வந்து ஒட்டிக்கிச்சு. அதே டேவ் ஸ்மித் 1981-ல, வேற வேற கம்பெனி கருவிகள் ஒண்ணோட ஒண்ணு பேசறதுக்கு ஒரு பொது முறை வேணும்னு ஒரு கட்டுரை படிச்சார். ஜப்பான்ல ரோலண்ட் கம்பெனியோட இகுதாரோ காகேஹாஷி ஏற்கெனவே அதே யோசனையில இருந்தார். 1983 ஜனவரியில அமெரிக்காவுல நடந்த நாம் கண்காட்சியில பிராஃபெட்-600-ஐயும் ரோலண்ட் ஜூபிட்டர்-6-ஐயும் ஒரே கேபிள்ல மாட்டினாங்க. ஒண்ணுல கட்டையை அழுத்தினா இன்னொண்ணு பாடிச்சு. அதுதான் மிடி. 2013-ல ரெண்டு பேருக்கும் டெக்னிக்கல் கிராமி கொடுத்தாங்க.

அந்த மிடியில ஒலியை மாத்தச் சொல்ற கட்டளை மொத்தம் ரெண்டே பைட். முதல் பைட் "ஒலியை மாத்து, இத்தனாவது சேனல்". ரெண்டாவது பைட் 0-லேர்ந்து 127 வரைக்கும் ஒரு எண். பேருக்கு இடமே கிடையாது.

ஏன் விட்டாங்கன்னு ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். மிடி ஒயர்ல ஒரு வினாடிக்கு 31,250 பிட் போகும். ஒரு பைட்டுக்கு 10 பிட் செலவு, ஆக 3,125 பைட். ஒரு பேருக்கு 12 எழுத்துன்னு வெச்சா 128 பேருக்கு 1,536 பைட். அரை வினாடி கூட முழுசா ஆகாது! கருவியை மாட்டினதும் "என்கிட்ட இருக்கறது இதெல்லாம்"னு ஒரு அரை வினாடி மூச்சு விட்டிருந்தா அடுத்த 40 வருஷத் தலைவலி இருந்திருக்காது. ஆனா அவங்களைக் குத்தம் சொல்லவும் மனசு வரல. மேடையில மாட்டிக் காமிச்ச அந்த ரெண்டு கருவியிலயும் ஒலிக்குப் பேரே கிடையாது, முகப்புல மினுங்கறது வெறும் எண்கள்தான். இல்லாத பேரை எப்படி அனுப்புறது?

பேரு வந்தது அதே 1983-ல யமஹா டி.எக்ஸ்7-ல. 32 ஒலி, ஒவ்வொண்ணுக்கும் 10 எழுத்துல பேரு, பார்க்க ஒரு சின்னத் திரை. அதை யமஹாவோட சொந்த பாஷையில கேபிள் வழியா வெளியில எடுக்கவும் முடியும். ஒரு ஒலிக்கு 128 பைட், அதுல கடைசி 10 பைட் பேரு. ஆனா அந்த பாஷை யமஹாவுக்கு மட்டும் புரியும். ரோலண்ட் ஒரு பாஷை, கோர்க் ஒரு பாஷை. நம்ம ஊர்ல மூணு மாமியார் ஒரே சமையல்கட்டுல நின்ன கதைதான்.

எண்ணுறதுலயாவது ஒத்துமை இருக்கான்னா அதுவும் இல்ல. டி.எக்ஸ்7-ல 1-லேர்ந்து 32. 1988-ல வந்த கோர்க் எம்1-ல 00-லேர்ந்து 99. 1987-ல வந்த ரோலண்ட் டி-50 இருக்கே, அது தனி ரகம். 64 ஒலி, 11-லேர்ந்து 88 வரைக்கும், ஆனா 19-ம் கிடையாது 20-ம் கிடையாது. எட்டு பேங்க், பேங்குக்கு எட்டு ஒலி, எட்டடிமானக் கணக்கை ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்ச மாதிரி. திரையில 44-ன்னு தெரிஞ்சா கேபிள்ல போக வேண்டிய எண் 27. இதை மேடையில, பாடகர் முறைச்சுக்கிட்டு நிக்கும்போது மனக்கணக்கா போட்டவங்களுக்கெல்லாம் ஒரு கும்பிடு.

128 பத்தாதுன்னு ஆனதும் "பேங்க் செலக்ட்"னு ஒண்ணு சேர்த்தாங்க. ஒலி எண்ணுக்கு முன்னாடி இன்னும் ரெண்டு எண் போகும். பேப்பர்ல பார்த்தா 128 x 128 x 128, இருபது லட்சத்து தொண்ணூத்தேழாயிரத்து சொச்சம் ஒலிக்கு இடம். ஆனா சில கருவி முதல் எண்ணை மட்டும் கேட்கும், சில கருவி ரெண்டாவதை மட்டும் கேட்கும், சிலது ரெண்டையும் கேட்கும். ஆளாளுக்கு நாட்டாமை.

இந்தக் குழப்பத்துக்கு 1991-ல ஒரு பஞ்சாயத்து நடந்தது. ஜெனரல் மிடி. 128 ஒலிக்கும் நிரந்தரமா இடம் ஒதுக்கியாச்சு. முதல் இடம் பியானோ, 10-வது சேனல் எப்பவும் டிரம்ஸ். எந்தக் கம்பெனி கருவியா இருந்தாலும் ஒரே வரிசை. நல்ல விஷயம்தான், மறுக்கல. ஆனா அந்த வரிசையை ஒரு தமிழன் கண்ணால பாருங்க. 105-லேர்ந்து 112 வரைக்கும் எட்டு இடம் "எத்னிக்"னு தலைப்பு போட்டு ஒதுக்கியிருக்காங்க. சிதார், பாஞ்சோ, ஷாமிசென், கோட்டோ, கலிம்பா, பேக்பைப், ஃபிடில், ஷெனாய். இந்தியாவுக்கு ரெண்டு சீட். ரெண்டும் வடக்கே போயிடுச்சு. வீணை இல்ல, நாதஸ்வரம் இல்ல, மிருதங்கம் இல்ல. துப்பாக்கிச் சத்தத்துக்கு 128-வது இடம் இருக்கு, ஹெலிகாப்டருக்கு 126-வது இடம் இருக்கு. தவிலுக்கு இல்ல.

சும்மா ஆதங்கத்துக்குச் சொல்லல. இந்த வரிசைதான் 2000-கள்ல நம்ம செல்போன் வரைக்கும் வந்தது. பாலிஃபோனிக் ரிங்டோன்னு ஒண்ணு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? அதெல்லாம் பெரும்பாலும் மிடி கோப்புகள். கல்யாண வீட்டுப் பாட்டை ரிங்டோனா மாத்தினவருக்கு நாதஸ்வரம் வேணும், பட்டியல்ல இல்ல, 112-ஐ போட்டார். அதனால ஒரு காலத்துல பஸ்ஸுல பத்து பேர் பாக்கெட்ல கெட்டிமேளம் ஷெனாயில வாசிச்சுக்கிட்டு இருந்தது. எனக்கு அப்போ பத்து வயசு இருக்கும். நாதஸ்வரம்னா இப்படித்தான் மூக்கடைச்ச மாதிரி இருக்கும்னு நினைச்சுட்டு இருந்தேன்.

சரி, கோடம்பாக்கத்துக்கு வருவோம். 1986-ல "புன்னகை மன்னன்" படத்துக்கு இளையராஜா யமஹா சி.எக்ஸ்5எம்-ங்கிற இசைக் கணினியைப் பயன்படுத்தினார்ங்கறது நம்ம பாட்டு ரசிகர்கள் எல்லாருக்கும் தெரிஞ்ச சேதி. அது எம்.எஸ்.எக்ஸ் வகை வீட்டுக் கணினி, உள்ளேயே எட்டு சுரம் ஒரே நேரத்துல வாசிக்கிற எஃப்.எம் சின்தசைசர். இன்னிக்கு கைக்கடிகாரத்துல இருக்கற நினைவகம் கூட அதுல கிடையாது. அதை வெச்சு அந்தப் படத்தோட நடன இசை. அப்புறம் சில வருஷத்துல ஸ்டூடியோக்கள்ல "கீபோர்டு புரோகிராமர்"னு ஒரு புது வேலையே உண்டாச்சு. 1992-ல "ரோஜா" வந்தப்போ ஊரே அந்தச் சத்தம் என்ன சத்தம்னு திரும்பிப் பார்த்தது.

இங்கே எனக்குச் சுவாரசியமா படற விஷயம் வேற. ஏ.ஆர்.ரஹ்மானோட அப்பா ஆர்.கே.சேகர் 1976-ல இறந்த பிறகு, அவரோட இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் நடந்ததுன்னு பல பேட்டிகள்ல வந்திருக்கு. அதாவது கீபோர்டுங்கறது அன்னிக்கு மெட்ராஸ்ல பந்தல் சாமான் மாதிரி வாடகைக்குப் போய் வாடகையிலேர்ந்து திரும்பற பொருள். வெளிநாட்டுச் சரக்கு, சுங்க வரி, சொந்தமா வாங்க எல்லாருக்கும் கட்டாது. காலையில ஒரு கால்ஷீட், மத்தியானம் வேற ஒருத்தர் கையில. அப்போ நீங்க உருவாக்கி வெச்ச ஒலி? அடுத்தவர் அதே இடத்துல தன்னோடதைச் சேமிச்சுட்டா உங்களோடது காலி. பாட்டு நாடாவுல பதிவாயிடுச்சு, அது பத்திரம். அந்தப் பாட்டுக்குள்ள இருந்த ஒலி எந்தப் பெட்டியில எத்தனாவது எண்ங்கறது வாசிச்சவர் தலையிலயும், ரொம்ப ஒழுங்கானவரா இருந்தா ஒரு நோட்டுப் புத்தகத்துலயும்தான். கச்சேரிக் கலைஞருக்கு ராகம் தாளம் எழுத ஒரு முறை இருந்தது. கீபோர்டுக்காரருக்கு எண்ணை எழுத ஒரு பொது முறை இல்ல.

அந்தப் பொது முறையை மென்பொருள்காரங்க ஆளுக்கொண்ணா உண்டாக்கினாங்க, வழக்கம் போல ஒண்ணுக்கொண்ணு சேராம. மேக் பக்கம் ஆப்கோட் கம்பெனி, பேர்களை எல்லா மென்பொருளுக்கும் பொதுவா பகிர்ந்துக்கற ஒரு நல்ல ஏற்பாடு பண்ணி வெச்சிருந்தது. 1998-ல அதைக் கிப்சன் கம்பெனி வாங்கிச்சு, கொஞ்ச நாள்ல அதோட கதை முடிஞ்சுது. லாஜிக்ல ஒரு பெட்டிக்குள்ள 128 பேரை ஒட்டணும். கியூபேஸ்ல தனியா ஒரு ஸ்கிரிப்ட் எழுதணும். புரோ டூல்ஸுக்கு மிட்நேம்னு ஒரு எக்ஸ்.எம்.எல். ரீப்பர்ல ரீபேங்க்னு வேற ஒண்ணு.

எனக்குப் பிடிச்சது கேக்வாக்கோட ஐ.என்.எஸ் கோப்பு. சாதா உரைக் கோப்பு, நோட்பேடுல எழுதலாம். முதல்ல பேர்ப் பட்டியல், வரிக்கு ஒண்ணு, எண்ணுக்குப் பக்கத்துல பேரு. அப்புறம் கருவியோட வரையறை, எந்த பேங்க்ல எந்தப் பட்டியல்னு. பேங்க் எண்ணைச் சொல்ல மட்டும் ஒரு பெருக்கல்: மேல் எண்ணை 128-ஆல பெருக்கி கீழ் எண்ணைக் கூட்டணும். ரோலண்ட் ஜே.வி-1080-ஐ எடுத்துக்கிட்டா, பிரீசெட் ஏ பேங்கோட எண்கள் 81, 0. ஆக 81 x 128 = 10368. பிரீசெட் பி 10369. சொந்தமா உருவாக்கின ஒலிகள் இருக்கற யூசர் பேங்க் 80, 0, ஆக 10240. இதோட இன்னொரு கண்ணி, கருவியோட கையேட்டுல எண் 1-லேர்ந்து, கோப்புல 0-லேர்ந்து. கையேட்டுல 001-ல இருக்கற "64வாய்ஸ்பியானோ" இங்கே 0-ல உட்காரும். இதை மறந்தா எல்லா ஒலியும் ஒரு வீடு தள்ளிக் குடியேறிடும்.

இந்த ஐ.என்.எஸ் கோப்புகள்ல நிறைய கம்பெனிக்காரங்க எழுதினது இல்ல. யாரோ ஒரு சர்ச் ஆர்கனிஸ்ட், யாரோ ஒரு பள்ளிக்கூட வாத்தியார், கையேட்டைப் பக்கத்துல விரிச்சு வெச்சு நூறு நூறா பேரை டைப் அடிச்சு ஊருக்கே கொடுத்தாங்க. காசு இல்ல, பேரும் இல்ல. கேக்வாக் கம்பெனி கை மாறி மாறி, 2013-ல அதே கிப்சன்கிட்ட போய், 2017-ல மூடி, 2018-ல பேண்ட்லேப் வாங்கி எழுப்பினாங்க. கம்பெனி செத்துப் பொழைச்சது, அந்த உரைக் கோப்புகளுக்கு ஒண்ணும் ஆகல. மென்பொருள் எழுதறவனா சொல்றேன், சாதா உரைக் கோப்பு மாதிரி சாவே இல்லாத ஜாதி எதுவும் கிடையாது.

இதெல்லாம் நான் ஏன் தோண்டினேன்னா, எங்க ஊர் சமாசாரம் ஒண்ணு. கிளென்மார்கன் தெரியுமில்லையா? ஊட்டியிலேர்ந்து கூடலூர் போற பக்கம், பைக்காராவுக்குக் கிட்ட. தேயிலை, மூடுபனி, மின்வாரியத்தோட அணை, கீழே சிங்காரா வரைக்கும் இறங்கற விஞ்ச். எங்க ஊர்த் தண்ணி ஏறத்தாழ மூவாயிரம் அடி கீழே விழுந்து 1932-லேர்ந்து கரன்ட் கொடுக்குது. ஆனா ஆடி மாசக் காத்துல முதல்ல கரன்ட் போறதும் எங்க லைன்லதான், அதை விடுங்க.

எங்க எஸ்டேட் பக்கம் ஒரு கீபோர்டு அண்ணன் உண்டு. கிறிஸ்துமஸ் கேரல், கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், எல்லாத்துக்கும் அவர்தான். படுகப் பாட்டு கேசட்டுகளுக்கும் இசை சேர்த்துக் கொடுத்திருக்கார். ரோலண்ட் எக்ஸ்.பி-80 வெச்சிருந்தார். 1996-ல வந்த கருவி, இந்தியாவுல ஆர்கெஸ்ட்ராக்காரங்களோட செல்லப்பிள்ளை. அதுலயே உள்ள சீக்வென்சர்ல பாட்டை அமைச்சு, மிடி கோப்பா மாத்தி ஃபிளாப்பியில போட்டு வைப்பார். ஒரு மருத்துவச் செலவுக்காகக் கருவியை வித்துட்டார். ஃபிளாப்பிகள் மட்டும் பிஸ்கட் டின்னுக்குள்ள இருந்தது. பதினோரு ஃபிளாப்பி. எங்க ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிச்சு நாலு போயிடுச்சு, ஏழு படிச்சுது. முப்பத்தி நாலு பாட்டு.

கணினியில போட்டு வாசிச்சா, எல்லாம் ஜெனரல் மிடி வரிசைக்கு வந்து நிக்குது. ஹெத்தை ஹப்பாவுக்கு அமைச்ச ஒரு பாட்டுல, கோத்தர்கள் ஊதற கொள் மாதிரி வரணும்னு அவர் மெனக்கெட்டு வெச்ச இடம், ஏதோ கண்ணாடி டம்ளரைத் தட்டற மாதிரி கேட்டுது. அண்ணன் கேட்டுட்டு "தம்பி, இது என் பாட்டு இல்லையே"ன்னார். சுரம் எல்லாம் அவர் வாசிச்சதுதான். ஆனா அவர் சொன்னதும் சரிதான்.

அப்புறம் ஆணி புடுங்கற வேலைக்கு நடுவுல நாலு வார ராத்திரி. முதல்ல முப்பத்தி நாலு கோப்புலேர்ந்தும் பேங்க் எண், ஒலி எண் எல்லாத்தையும் ஒரு சின்ன நிரலை எழுதி உருவி எடுத்தேன். 81-னு வந்ததெல்லாம் பிரீசெட். எக்ஸ்.பி-80-ம் ஜே.வி-1080-ம் ஒரே வம்சம்ங்கறதால கையேட்டை வெச்சுப் பேர் போட முடிஞ்சது. அந்த ஜே.வி-1080-ஐ இப்போ ரோலண்டே மென்பொருளா விக்கறாங்க, ஒலிக்கும் வழி கிடைச்சுது. 84-னு வந்தது விரிவாக்கப் பலகையில இருந்த ஒலிகள். கருவிக்கு வயித்துல நாலு இடம் இருக்கும், அதுல கூடுதல் ஒலிகள் உள்ள அட்டையைச் சொருகிக்கலாம். அண்ணன்கிட்ட கேட்டா, "உலக இசை அட்டை ஒண்ணு கோயமுத்தூர்ல ஒருத்தர்கிட்ட வாங்கிப் போட்டேன்"னார். எண்களை அந்த அட்டையோட பட்டியல்ல வெச்சுப் பார்த்தா தபலாவும் தம்புராவுமா வரிசையா வந்து உட்கார்ந்துச்சு. கொள்ளுக்கு அவர் எடுத்தது ரெண்டு நாணல் கருவி ஒலியை ஒண்ணு மேல ஒண்ணு போட்டு, சுருதியை லேசா விலக்கி. கேட்டதும் அண்ணனே சிரிச்சுட்டார்.

மொத்தம் 61 ஒலிக்குப் பேர் கிடைச்சுது. ஐ.என்.எஸ் கோப்பா எழுதி, ரீப்பருக்கும் ஒரு நகல் மாத்தி, கூடவே பேர் எண் எல்லாத்தையும் காகிதத்துல அச்சடிச்சு அந்த பிஸ்கட் டின்னுக்குள்ளயே போட்டாச்சு. மிடி கோப்புக்குள்ளயே கருவியோட பேரை எழுதறதுக்கு ஒரு இடம் உண்டு, 1988-ல கோப்பு வடிவம் வந்தப்பவே வெச்சது, யாரும் நிரப்பறதில்ல. அதையும் நிரப்பிட்டேன். நீங்க பழைய மிடி கோப்பு ஏதாவது வெச்சிருந்தா, கருவியும் வாசிச்சவரும் பக்கத்துல இருக்கும்போதே அந்த ஒரு வரியை எழுதிடுங்க. அஞ்சு நிமிஷ வேலை.

2020-ல வந்த மிடி 2.0-ல, கருவியும் கணினியும் ரெண்டு பக்கமும் பேசிக்கும். "உன்கிட்ட என்னென்ன ஒலி இருக்கு"ன்னு கணினி கேட்டா, கருவி பேர்ப் பட்டியலையே அனுப்பறதுக்கு முறை வெச்சிருக்காங்க. 1983-ல விட்ட அந்த அரை வினாடி. புதுக் கருவிகளுக்கு நல்லது. ஏற்கெனவே டின்னுக்குள்ள இருக்கற ஃபிளாப்பிகளுக்கு அதால ஒரு உபயோகமும் இல்ல.

மிச்சம் இருக்கறது அந்த 80. யூசர் பேங்க். அண்ணன் தானே உக்கார்ந்து உருவாக்கின ஒலிகள். அது பாட்டுக் கோப்புல வராது, கருவியோட நினைவகத்துல இருக்கும். கருவி கை மாறினப்போ அதோட போயிடுச்சு. ரெண்டு பாட்டுல 80, 0, 56-னு ஒண்ணு வருது. கையேட்டுக் கணக்குல யூசர் 57. அது என்ன ஒலின்னு அண்ணனுக்குப் பேர் ஞாபகம் இல்ல, வாயால ஊதிக் காமிச்சார், குழலுக்கும் விசிலுக்கும் நடுவுல ஏதோ. கருவியை வாங்கினவர் குன்னூர்ல ஒரு ஆர்கெஸ்ட்ராக்காரர், அவரும் அதை மேட்டுப்பாளையம் பக்கம் யாருக்கோ கொடுத்துட்டாராம். அடுத்த மாசம் லீவுல போய்க் கேட்கலாம்னு இருக்கேன். அதுவரைக்கும் அந்த ரெண்டு பாட்டு மட்டும் பியானோவுல ஓடிக்கிட்டு இருக்கு.